வீட்டுக் கம்ப்யூட்டரில் நமக்குத் தெரியாமல் ஓடுபவை: எதை நிறுத்தலாம், எதை விட்டுவைக்கலாம்?



நம் மாவட்டத்தில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் போன்ற கடற்கரை ஊர்களானாலும், அறந்தாங்கி, புதுக்கோட்டை போன்ற நகரங்களானாலும், பல வீடுகளில் இருக்கும் கம்ப்யூட்டர் கடையில் புதிதாகப் பெட்டி பிரித்து வாங்கியதல்ல. பிள்ளை ப்ளஸ் டூ படிக்கும்போது பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினியாக இருக்கும். அல்லது சென்னை ரிச்சி தெருவில் யாரோ விசாரித்து வாங்கி அனுப்பிய செகண்ட் ஹேண்ட் மேசைக் கணினியாக இருக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கருவிகள் இன்றும் சில வீடுகளில் மின்கம்பியைப் பிடுங்காமல் மேசை மேலேயே கிடந்து வேலை செய்துகொண்டிருக்கின்றன.

இந்தக் கம்ப்யூட்டர்களைப் பற்றி எல்லா வீட்டிலும் ஒரே புகார்தான். பட்டனை அழுத்திவிட்டு டீ குடித்து வந்தாலும் திரை இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. துபாயிலோ மலேசியாவிலோ இருக்கும் மகனிடம் முகம் பார்த்துப் பேச உட்கார்ந்தால் படம் உறைந்துபோகிறது. உடனே "இது பழசாகிவிட்டது, மாற்றிவிடு" என்பார்கள். அல்லது கடைக்குத் தூக்கிப்போய், ஃபார்மட் செய்ததற்கென்று சில நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, அதோடு பழைய குடும்பப் படங்களையும் இழந்துவிட்டு வருவார்கள். வெளிநாட்டில் உழைத்து அனுப்பும் காசு அது. இரண்டுக்கும் முன்னால், அந்தப் பெட்டிக்குள் நமக்குத் தெரியாமல் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கின்றன என்று பத்து நிமிடம் செலவழித்துப் பார்த்துவிடுவது நல்லது.

திரையில் நாம் திறந்து வைத்திருப்பது ஒன்றிரண்டு மென்பொருள்கள்தான். ஆனால் நாம் திறக்காமலேயே, கம்ப்யூட்டர் எழும்போதே எழுந்து, சத்தமில்லாமல் நினைவகத்தையும் இணையத்தையும் எடுத்துக்கொள்பவை பல உண்டு. இவற்றைத்தான் பின்னணிச் செயலிகள் என்கிறோம். எல்லாமே தீங்கானவை அல்ல. வைரஸைத் தடுப்பதும், வைஃபையைப் பிடித்து வைப்பதும், பிரிண்டருக்குத் தாள் அனுப்புவதும் பின்னணி வேலைதான். வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. கீழே சொல்பவை பெரும்பாலும் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றுக்கு.

முதலில் பார்க்க வேண்டிய இடம்

கீபோர்டில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10இல் அது சிறிய பெட்டியாகத் திறந்தால் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதைத் தொடுங்கள். சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று நான்கு பத்திகள் தெரியும். ஒவ்வொரு பத்தியின் தலைப்பையும் ஒருமுறை கிளிக் செய்தால் அதை அதிகம் சாப்பிடுபவர் மேலே வந்து நிற்பார். எங்கே நிறம் அடர்த்தியாக இருக்கிறதோ அங்கே சுமை அதிகம்.

இங்கே பலர் பயந்துவிடுவது மூன்று பெயர்களைப் பார்த்து. 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் 'சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்' என்ற பெயருக்கு நேரே 95, 98 என்று இருக்கும். அது சும்மா இருக்கும் நேரத்தின் அளவு. 98 என்றால் கம்ப்யூட்டருக்கு இப்போது வேலையே இல்லை என்று பொருள்! அடுத்தது 'சர்வீஸ் ஹோஸ்ட்'. ஒரே பெயர் பல வரிகளில் வருவதால் வைரஸ் என்று நினைக்கிறார்கள். அது விண்டோஸின் சொந்த வேலையாட்கள் தங்கியிருக்கும் கூடம், அவ்வளவுதான். மூன்றாவது 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்'. இது விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற காவலாளி. சில நேரம் வீட்டையே சோதனை போட்டு நேரம் எடுத்துக்கொள்வார், ஆனால் அவரை வெளியே அனுப்பக்கூடாது. அதேபோல் இரண்டு மூன்று ஆன்டிவைரஸ்களை ஒன்றாகப் போட்டு வைப்பதும் வேண்டாம். ஒன்றை ஒன்று சந்தேகித்துக்கொண்டு இரண்டும் கம்ப்யூட்டரை இழுத்துவிடும். ஒன்று போதும்.

உறைந்துபோன ஒரு மென்பொருளை இங்கே தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுத்து நிறுத்தலாம். ஆனால் அது அப்போதைக்கு மட்டும். மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டதும் மறுபடி வந்து நிற்கும். பெயர் தெரியாத விண்டோஸ் வரிகளில் இதைச் செய்து பார்க்காதீர்கள். சிலவற்றை நிறுத்தினால் திரை நீலமாகி எல்லாம் நின்றுவிடும், சேமிக்காத வேலையும் போய்விடும்.

வாசலிலேயே நிறுத்துவது

நிரந்தரத் தீர்வு அதே டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' என்ற பக்கத்தில் இருக்கிறது. விண்டோஸ் 11இல் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' என்று இருக்கும். விண்டோஸ் 7 இன்னும் வைத்திருப்பவர்கள் ரன் பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்தால் இதே பட்டியல் வரும். கம்ப்யூட்டர் எழும்போது கூடவே எழ அனுமதி வாங்கியவர்களின் பட்டியல் இது. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஹை', 'மீடியம்', 'லோ' என்று பாதிப்பின் அளவு எழுதியிருக்கும். இது விளம்பரத்துக்குச் சொல்லும் வார்த்தை அல்ல, அளந்து எழுதுவது. தொடங்கும்போது ஒரு நொடிக்கு மேல் சிபியு நேரமோ, 3 எம்பிக்கு மேல் டிஸ்க் வேலையோ எடுத்தால் 'ஹை'. வேண்டாததன் மேல் வலது கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுங்கள். மென்பொருள் அழியாது. நாம் திறக்கும்போது வழக்கம்போலத் திறக்கும். வேண்டுமென்றால் இதே இடத்தில் 'எனேபிள்' கொடுத்துவிடலாம். அதனால் பயப்பட ஒன்றுமில்லை.

பெரும்பாலான வீடுகளில் எதையெதை நிறுத்தலாம்? ஸ்கைப் இன்னும் இந்தப் பட்டியலில் இருந்தால் முதலில் அதை. ஒரு காலத்தில் சபுராளி வீடுகளின் உயிர்நாடியாக இருந்த ஸ்கைப்பை மைக்ரோசாப்ட் 2025 மே 5 அன்று மூடிவிட்டது. சேவை நின்றுபோன பிறகும் பழைய கம்ப்யூட்டர்களில் அது தினமும் காலையில் எழுந்து உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறது. கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்குப் போட்ட ஸூம், டீம்ஸ் ஆகியவையும் அப்படியே. பிள்ளைகள் போட்ட ஸ்டீம் போன்ற விளையாட்டு மென்பொருள்கள், ஸ்பாட்டிஃபை, அடோபியின் அப்டேட் உதவியாளர், என்றோ விற்றுவிட்ட பிரிண்டரின் உதவி மென்பொருள், இவை எதுவும் கம்ப்யூட்டரோடு சேர்ந்து எழ வேண்டிய அவசியமில்லை.

டோரன்ட் மென்பொருள் இருந்தால் கட்டாயம் கவனியுங்கள். அது இறக்கிக்கொள்வதோடு நிற்பதில்லை. இறக்கிய படத்தை உங்கள் இணையத்தைச் செலவழித்து உலகத்துக்கே ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கும். அடுத்தவர் உழைப்பைத் திருட்டுத்தனமாகப் பகிர்வது ஒரு பக்கம் இருக்கட்டும். 2015 மார்ச்சில் மியூடோரன்ட் மென்பொருளோடு சேர்ந்து எபிக் ஸ்கேல் என்ற இன்னொரு மென்பொருள் தங்களுக்குத் தெரியாமலேயே உள்ளே வந்துவிட்டது என்று பலர் புகார் சொன்னார்கள். அது பயனாளியின் கம்ப்யூட்டரைக் கொண்டு மெய்நிகர் நாணயம் சம்பாதிக்கும் வேலையைப் பின்னணியில் செய்யக்கூடியது. மின்கட்டணம் நம்முடையது, சம்பாத்தியம் யாருக்கோ.

நிறுத்தக்கூடாதவை இரண்டு நம் வீடுகளுக்கே உரியவை. முதலாவது தமிழ் தட்டச்சு. என்எச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை போன்றவை திரையின் வலது கீழ் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் சிறு சின்னமாக உட்கார்ந்திருக்கும். நாம் அடிக்கும் ஆங்கில எழுத்தைத் தமிழாக மாற்றுவது பின்னணியில் ஓடும் அந்தச் சின்னம்தான். யாரோ ஒருவர் வந்து "ஸ்டார்ட்அப்பை எல்லாம் க்ளீன் பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போன மறுநாள், ஜமாஅத் நோட்டீஸ் அடிக்க உட்கார்ந்தால் தமிழே வராது. கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை, மாற்றிக் கொடுக்கும் ஆள் எழவில்லை. இந்தத் தனி மென்பொருளே வேண்டாம் என்றால், விண்டோஸ் 10இன் 2019 மே அப்டேட்டிலிருந்து தமிழ் ஒலிபெயர்ப்புக் கீபோர்டு விண்டோஸுக்குள்ளேயே வந்துவிட்டது. 'லாங்குவேஜ்' செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது பாங்கு மென்பொருள். இஸ்லாமிக்ஃபைண்டர் தளத்தின் அதான் போன்றவற்றைச் சிலர் வீட்டிலும் கடையிலும் போட்டு வைத்திருக்கிறார்கள். வக்து வந்ததும் தானாக ஒலிக்க வேண்டுமென்றால் அது பின்னணியில் ஓடித்தான் ஆக வேண்டும். ஸ்டார்ட்அப்பில் அதற்கு அனுமதி இருக்கட்டும். கம்ப்யூட்டர் ஸ்லீப் நிலைக்குப் போய்விட்டால் அதுவும் சேர்ந்து தூங்கிவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் ஒரு வார்த்தை: இந்த மென்பொருள்களில் அஸர் நேரத்துக்கு ஷாஃபிஈ, ஹனஃபி என்று தனித் தேர்வு இருக்கும். உச்சிவேளை நிழல் நீங்கலாக ஒரு பொருளின் நிழல் அதன் ஒரு மடங்கு ஆவதும் இரண்டு மடங்கு ஆவதும் ஒன்றல்ல. உங்கள் மஹல்லா பள்ளியின் நேரத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். மென்பொருள் தானாக வைத்த நேரத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

அந்த ஒரு சுவிட்ச் எல்லாவற்றையும் நிறுத்தாது

விண்டோஸ் 10இல் செட்டிங்ஸ், பிரைவசி, 'பேக்ரவுண்ட் ஆப்ஸ்' என்று ஒரு பக்கம் உண்டு. மேலேயே ஒரு சுவிட்ச் இருக்கும். "இதை ஆஃப் செய்தால் எல்லாம் நின்றுவிடும்" என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். இந்தப் பக்கம் கட்டுப்படுத்துவது மைக்ரோசாப்ட் ஸ்டோர் வகைச் செயலிகளை மட்டும்: வெதர், நியூஸ், மெயில், எக்ஸ்பாக்ஸ் போன்றவை. இணையதளத்திலிருந்து இறக்கிப் போட்ட குரோம், ஸூம், டோரன்ட் எதுவும் இதற்குக் கட்டுப்படாது. அவற்றை ஸ்டார்ட்அப்பிலோ அந்தந்த மென்பொருளின் செட்டிங்ஸிலோதான் நிறுத்த வேண்டும். விண்டோஸ் 11இல் இந்தப் பொது சுவிட்சையே எடுத்துவிட்டார்கள். செட்டிங்ஸில் 'ஆப்ஸ்', 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' என்று போய், செயலியின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போனால் 'ஆல்வேஸ்', 'பவர் ஆப்டிமைஸ்டு', 'நெவர்' என்று மூன்று தேர்வு தெரியும். ஸ்டோர் வகை அல்லாத செயலிக்கு இந்தத் தேர்வு வரவே வராது.

பிரவுசரையும் மறக்கக்கூடாது. குரோமை மூடிவிட்டோம் என்று நினைப்போம், ஆனால் அதன் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதியில், மூடிய பிறகும் பின்னணியில் ஓட அனுமதிக்கும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை ஆஃப் செய்யுங்கள். எட்ஜ் பிரவுசரிலும் இதே சுவிட்சும், கூடவே 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்' என்பதும் உண்டு. நினைவகம் 4 ஜிபிக்குக் குறைவான கருவியில் இரண்டையும் நிறுத்திவிடுவது நல்லது.

இதைவிடப் பெரிய தொல்லை வேறொன்று. பிள்ளை பாடம் படித்துக்கொண்டிருக்கும்போது திரை ஓரத்தில் "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ் இருக்கிறது" என்றோ, கண்ணால் பார்க்கக் கூசும் படத்தோடோ ஒரு சிறு பெட்டி எட்டிப் பார்க்கும். வீட்டில் பெரியவர்கள் பிள்ளையைச் சந்தேகப்பட்டுத் திட்டுவார்கள். பெரும்பாலும் நடந்தது இவ்வளவுதான்: என்றோ ஒரு தளம் "அலவ்" கொடுக்கச் சொல்லியிருக்கும், யாரோ தெரியாமல் அழுத்தியிருப்பார்கள். அந்த அனுமதியை வைத்துக்கொண்டு அந்தத் தளம் திறக்காமலேயே அறிவிப்பு அனுப்புகிறது. குரோம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று போய், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் தெரியாத பெயர்கள் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். பிள்ளையை விசாரிக்கும் முன் இந்தப் பட்டியலை விசாரியுங்கள்.

ஹாட்ஸ்பாட்டில் ஓடும் கம்ப்யூட்டர்

கேபிள் இணைப்பு இல்லாத வீடுகளில் செல்போனின் ஹாட்ஸ்பாட்தான் கம்ப்யூட்டருக்கு இணையம். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, 2 ஜிபி என்று அளவோடு வருவது அது. இதைக் கம்ப்யூட்டர் எப்போதும் தானாகப் புரிந்துகொள்வதில்லை. வரம்பில்லாத இணைப்பு என்று எண்ணி விண்டோஸ் அப்டேட்டை இறக்கும், ஒன்டிரைவ் உங்கள் படங்களை எல்லாம் மேலே ஏற்றும். இஷாவுக்குப் பிறகு மகன் அழைக்கும்போது டேட்டா தீர்ந்திருக்கும்.

இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', வைஃபை என்று போய், அந்த ஹாட்ஸ்பாட்டின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்யுங்கள். பெரிய அப்டேட்கள் காத்திருக்கும், ஒன்டிரைவ் தானாக நின்றுகொள்ளும். அப்டேட்டையே ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். வாரம் ஒருமுறை நல்ல இணைப்பு கிடைக்கும் இடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அப்டேட் பகுதியிலேயே 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்று ஒன்று உண்டு. அதில் இணையத்திலுள்ள பிற கம்ப்யூட்டர்களோடும் பகிரும்படி இருந்தால் ஆஃப் செய்துவிடுங்கள். நம் டேட்டாவில் ஊராருக்கு அப்டேட் அனுப்ப வேண்டியதில்லை.

பணம் போகும் வழி

பின்னணியில் ஓடுபவற்றில் நான் மிகவும் அஞ்சுவது தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்களைத்தான். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நேர்மையான வேலைக்காக உருவானவைதான். வெளிநாட்டில் இருக்கும் மகன் அத்தாவின் கம்ப்யூட்டரைச் சரிசெய்து கொடுக்க உதவும். ஆனால் வங்கியிலிருந்து பேசுகிறேன், மைக்ரோசாப்டிலிருந்து பேசுகிறேன் என்று அழைப்பவர்களும் இதைத்தான் போடச் சொல்கிறார்கள். திரையில் தெரியும் எண்ணைக் கேட்டு வாங்கி, அனுமதி கொடுக்க வைத்து, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணக்கைக் காலி செய்துவிடுகிறார்கள். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எனிடெஸ்கின் பெயரைச் சொல்லியே வங்கிகளை எச்சரித்தது. ஸ்டார்ட்அப் பட்டியலிலோ 'ஆப்ஸ்' பட்டியலிலோ இவை இருந்து, யார் போட்டது என்று வீட்டில் யாருக்கும் தெரியாவிட்டால், டிஸேபிள் செய்வதோடு நிற்காமல் முழுவதுமாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் வங்கி வேலை பார்த்திருந்தால், வேறு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். புகார் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம்.

"கம்ப்யூட்டரை வேகமாக்கித் தருகிறோம்" என்று வரும் க்ளீனர், பூஸ்டர் வகைகளும் எனக்கு உடன்பாடில்லை. வேண்டாதவற்றை நிறுத்தக் கூப்பிட்ட ஆளே பின்னணியில் இன்னொரு இடத்தைப் பிடித்துக்கொள்கிறார். பெயர்பெற்ற மென்பொருளான சிசிக்ளீனரின் 5.33 பதிப்பு 2017 ஆகஸ்டில் வந்தபோது, தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே ஊடுருவிகளின் நிரலோடு சேர்ந்து வெளியானது. சுமார் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. பெரிய பெயருக்கே இந்த நிலை என்றால், விளம்பரத்தில் வருபவற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

வீட்டில் பலர் பயன்படுத்தினால்

ஒரே கம்ப்யூட்டரில் அத்தாவுக்கு ஒரு கணக்கு, பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு என்று வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் 'ஸ்விட்ச் யூஸர்' வேறு, 'சைன் அவுட்' வேறு. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை ஸ்விட்ச் யூஸர் கொடுத்துவிட்டு எழுந்து போனால், அந்த விளையாட்டும் பிரவுசரும் அப்படியே பின்னால் ஓடிக்கொண்டிருக்கும், அடுத்தவர் திரையில் தெரியாது. டாஸ்க் மேனேஜரின் 'யூஸர்ஸ்' பக்கத்தில் யார் யார் இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்கலாம். வேலை முடிந்ததும் சைன் அவுட் செய்யப் பழக்குங்கள். ஸ்டார்ட்அப் பட்டியலும் ஓரளவு கணக்குக்குக் கணக்கு மாறும். ஒருவர் கணக்கில் மட்டும் பார்த்துவிட்டு முடிந்தது என்று இருக்க வேண்டாம்.

ஷட்டவுன் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதியால், ஷட்டவுன் கொடுத்தாலும் உள்பகுதி முழுமையாக அணைவதில்லை. டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்', சிபியு என்று போய் 'அப் டைம்' என்பதைப் பாருங்கள். தினமும் இரவு அணைத்தும் அது பல நாள் கணக்கைக் காட்டக்கூடும். வாரம் ஒருமுறையாவது 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

இத்தனையும் செய்தும் 'டிஸ்க்' பத்தி மட்டும் நீண்ட நேரம் 100 சதவீதத்திலேயே நின்றால், பின்னணிச் செயலி மட்டும் காரணமல்ல, உள்ளே சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கின் வேகமே அவ்வளவுதான். புதுக் கம்ப்யூட்டர் வாங்காமல் எஸ்எஸ்டி ஒன்றை மட்டும் மாற்றுங்கள். என் கருத்தில், பழைய கருவிக்குச் செலவு செய்யத் தகுந்த முதல் இடம் அதுதான்.

விண்டோஸ் 10க்கான மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. வீட்டுப் பயனாளிகள் பதிவுசெய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். விண்டோஸ் 11 ஏற்ற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் குறைந்தது 4 ஜிபி நினைவகமும் வேண்டும் என்பதால், அரசுத் திட்டத்தின் ஆரம்பகால மடிக்கணினிகள் அதற்குத் தேறாது. அவற்றில் விண்டோஸோடு சேர்த்து பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்திருந்தார்கள் என்பது பலருக்கு நினைவிருக்கலாம். அதுபோல லுபுண்டு, லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போன்ற எடை குறைந்தவற்றை இலவசமாகவே ஏற்றிக்கொள்ளலாம். அங்கும் 'செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்' என்பது போன்ற பெயரில் இதே பட்டியல் உண்டு. அதில் ஐபஸ் என்ற பெயர் இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே தமிழ் எழுத உதவுவது அதுதான்.